கொடுத்தவரை நினைக்கும் மேசை
நன்றியறிதல் நாள் விருந்தும் அதன் அலங்காரமும்: ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை கொண்டாடப்படும் ‘தேங்ஸ்கிவிங்’ என்னும் நன்றியறிதல் நாளில் ஊர்வலங்களும் விளையாட்டுப் போட்டிகளும் உண்டு என்றாலும், அவ்விழாவின் உயிர் இருப்பது வீட்டின் உணவு மேசையில்தான். தொலைவில் வாழும் பிள்ளைகள் ஊர் திரும்புவதும், அடுப்பு விடியற்காலையிலேயே மூட்டப்படுவதும், மேசைக்கு விரிப்பும் காய்கனிகளும் இலைகளும் தேடிச் சேர்க்கப்படுவதும் அந்த ஒரு வேளை உணவுக்காகவே. ஆயினும் விருந்து சிறந்திருந்தும், அலங்காரம் கண்ணைக் கவர்ந்தும், நன்றி என்பது மட்டும் அந்த அறைக்குள் நுழையாமலே நாள் கழிந்துவிடுவது உண்டு. நன்றி எப்போது மேசைக்கு வருகிறது, எதனால் வராமற்போகிறது என்னும் வினாவே இச்சொற்பொழிவின் பொருள்.

நன்றியறிதல் என்பது மகிழ்ச்சியிலிருந்து வேறுபட்டது. மகிழ்ச்சிக்கு ஒருவர் போதும். நன்றிக்கோ கொடுத்தவர், பெற்றவர், கொடுக்கப்பட்டது என்னும் மூன்றும் வேண்டும். நல்ல உணவை உண்டவர் மகிழ்கிறார். அந்த உணவு யார் கையிலிருந்து, என்ன உழைப்பின் வழியே தம்மை வந்தடைந்தது என்று நினைப்பவர் மட்டுமே நன்றியறிகிறார். ஜெர்மானியச் சமூகவியலாளர் கெயோர்க் சிம்மல் 1908இல் வெளிவந்த தம் நூலில், சட்டமோ ஒப்பந்தமோ கட்டாயப்படுத்தாத இடங்களிலும் மனிதர்களை ஒருவரோடொருவர் பிணைத்துவைக்கும் அறநினைவாக நன்றியைக் கண்டது இக்காரணம் பற்றியே. தமிழ் மரபும் இதை அறியாததன்று. திருக்குறளின் இல்லறவியலில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரமாகவும், இனியவை கூறல் பத்தாம் அதிகாரமாகவும், செய்ந்நன்றி அறிதல் பதினோராம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை நோக்கினால், விருந்தும் சொல்லும் நன்றியும் ஒரே இல்லத்துக்குரிய அறங்களாக வரிசைப்படுத்தப்பட்டிருப்பது விளங்கும். விருந்துக்கும் நன்றிக்கும் இடையே சொல் நிற்கிறது என்பது இந்த ஆய்வுக்கு இன்றியமையாத குறிப்பு.

ஒரு குடும்ப விருந்தும் அதன் மேசை அலங்காரமும் நன்றியாக மாறுவது, அந்த விருந்தை இயலச் செய்தும் அங்கு வந்து அமராத கொடையாளர்களை அவை பெயர் சொல்லி நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

1621: முதல் விருந்து

நன்றியறிதல் நாளின் தோற்றமாகக் கருதப்படும் விருந்து 1621ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடற்கரையில் உள்ள பிளிமத் குடியேற்றத்தில் நடைபெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு ‘மேஃப்ளவர்’ என்னும் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்த 102 பயணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர், குளிராலும் நோயாலும் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோயினர். எஞ்சியவர்கள் பிழைத்ததற்கு வம்பனோவாக் என்னும் அம்மண்ணின் மக்களே பெருங்காரணம். அவர்களுள் பட்டுக்செட் என்னும் ஊரைச் சேர்ந்த டிஸ்குவான்டம், 1614இல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவனால் கடத்தப்பட்டு ஸ்பெயினில் அடிமையாக விற்கப்பட்டவர். அங்கிருந்து தப்பி, ஆங்கிலம் கற்று, 1619இல் ஊர் திரும்பியபோது கொள்ளைநோயால் தம் ஊரே ஆளற்றுக் கிடந்ததைக் கண்டவர். பிளிமத் குடியேற்றம் எழுந்தது அந்த வெற்றூரின் மீதுதான். அத்தகைய இழப்புக்கு உள்ளானவரே புதிதாக வந்தவர்களுக்கு மீனை எருவாக இட்டு மக்காச்சோளம் பயிரிடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்.

அந்த விருந்தைக் கண்ணால் கண்டவர் எழுதிய விவரம், எட்வர்ட் வின்ஸ்லோ 1621 டிசம்பரில் எழுதிய ஒரு மடலின் சில வரிகளில் உள்ளது. ஆளுநர் நான்கு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார் என்றும், ஒரே நாளில் அவர்கள் ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் போதுமான பறவைகளைக் கொண்டுவந்தனர் என்றும், வம்பனோவாக் தலைவர் மாசசோயிட் சுமார் 90 பேருடன் வந்து மூன்று நாள் தங்கினார் என்றும், அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தனர் என்றும் அம்மடல் கூறுகிறது. விருந்தினராக வந்தவர்களின் எண்ணிக்கை விருந்தளித்தவர்களின் எண்ணிக்கையைவிட மிகுதி. உணவின் ஒரு பகுதியும் விருந்தினரே கொண்டுவந்தது. இன்று அந்நாளின் அடையாளமாகிவிட்ட உருளைக்கிழங்கு மசியலும் கோதுமை மாவில் சுட்ட பரங்கிக்காய்ப் பணியாரமும் அன்று இருக்கவில்லை. உருளைக்கிழங்கு அப்பகுதியில் அப்போது விளையவில்லை, பணியாரத்துக்கு வேண்டிய கோதுமை மாவும் வெண்ணெயும் குடியேறியவர்களிடம் இல்லை. வான்கோழியும் அம்மடலில் பெயர் சொல்லப்படவில்லை.

அம்மடலில் இன்னொன்றும் சொல்லப்படவில்லை. கப்பலில் வந்த வயது வந்த பெண்கள் 18 பேரில் அந்த இலையுதிர்காலத்தில் உயிரோடிருந்தவர்கள் நால்வர் மட்டுமே. ஏறத்தாழ 140 பேர் கூடியிருந்த மூன்று நாள் விருந்தில், குடியேற்றத்தாரின் சமையல் பொறுப்பு அந்த நால்வர் மீதும் சில இளம்பெண்கள் மீதும் விழுந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம். வேட்டையாடியவர்களின் எண்ணிக்கையைக் குறித்துவைத்த மடல், சமைத்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நன்றியறிதல் நாளின் மூல ஆவணத்திலேயே நன்றி விடுபட்டுப்போன இடம் ஒன்று இருப்பது, பின்வந்த ஒவ்வொரு மேசைக்கும் உரிய எச்சரிக்கையாகும்.

வீட்டு விழாவாக வளர்ந்த வரலாறு

1621இன் விருந்து ஆண்டுதோறும் தொடரவில்லை. 1789இல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் நவம்பர் 26ஆம் நாளை நன்றி கூறும் நாளாக அறிவித்தார் என்றாலும், அதன்பின் பெரும்பாலும் நியூ இங்கிலாந்து என்னும் வடகிழக்கு மாநிலங்களில்தான் அது வேரூன்றியிருந்தது. அதை நாடு முழுமைக்குமான வீட்டு விழாவாக ஆக்கிய பெருமை சாரா ஜோசஃபா ஹேல் என்னும் எழுத்தாளரைச் சேரும். இளவயதில் கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளை எழுத்தின் வருவாயால் வளர்த்த அவர், 1827இல் வெளியிட்ட ‘நார்த்வுட்’ என்னும் புதினத்தில் ஒரு நன்றியறிதல் விருந்தை விரிவாகச் சித்திரித்தார். வறுத்த வான்கோழி மேசையின் தலைமாட்டில் வைக்கப்பட்டிருப்பதையும், பரங்கிக்காய்ப் பணியாரத்தின் இன்றியமையாமையையும் அவர் அங்கே விவரிக்கிறார். அந்த மேசையின் வெண்ணிற விரிப்பு வெளிநாட்டு விரிப்புகளுக்கு இணையானது என்றும், அதை நூற்று நெய்து வெளுத்தவர் அவ்வீட்டுத் தலைவியே என்றும் அவர் குறிப்பிடுவது கூர்ந்து நோக்கத்தக்கது. மேசையில் முதலில் விரிக்கப்படுவதும், விருந்து தொடங்கியதும் கண்ணில் படாமல் மறைந்துவிடுவதும் விரிப்புதான். அந்த விரிப்புக்கு ஒரு கைக்குரியவர் உண்டு என்று சொன்னதன் மூலம் ஹேல் அலங்காரத்தை நன்றியோடு இணைத்துவிட்டார்.

‘கோடிஸ் லேடிஸ் புக்’ என்னும் புகழ்பெற்ற மகளிர் இதழின் ஆசிரியராக இருந்து, ஆண்டுதோறும் தலையங்கம் எழுதியும் ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் மடல் அனுப்பியும் ஹேல் நடத்திய இயக்கம், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் பயன் தந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் அவர் ஆபிரகாம் லிங்கனுக்கு மடல் எழுத, அக்டோபர் 3ஆம் நாள் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி கூறும் நாளாக நிறுவும் அறிவிப்பு வெளிவந்தது. விளைச்சலுக்கும் வளத்துக்கும் நன்றி கூறிய அந்த அறிவிப்பு, போரில் கணவரை இழந்தவர்களையும் தந்தையை இழந்த குழந்தைகளையும் நினைக்குமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டது. நிறைவைக் கொண்டாடும் நாளில் இழந்தவர்களுக்கும் இடம் தர வேண்டும் என்னும் நெறி இவ்வாறு அந்நாளின் அரசு ஆவணத்திலேயே பதிந்தது. 1939இல் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்லின் ரூஸ்வெல்ட் வணிகத்தைப் பெருக்கும் பொருட்டு நாளை ஒரு வாரம் முன்னே தள்ளியதும், மாநிலங்கள் இரு பிரிவாகப் பிரிந்து வெவ்வேறு நாள்களில் கொண்டாடியதும், 1941இன் இறுதியில் நான்காம் வியாழன் எனச் சட்டம் உறுதிசெய்ததும் பிற்கால நிகழ்ச்சிகள்.

மேசை மேல் உள்ள பொருள்கள் சொல்லும் செய்தி

நன்றியறிதல் நாள் மேசையின் நடுவில் வைக்கப்படும் பொருள்கள் பெரும்பாலும் விளைபொருள்களே. செம்மஞ்சள் நிறப் பரங்கிக்காய், சிறு சுரைவகைகள், தோல் உரித்துக் கட்டிய பல வண்ண மக்காச்சோளக் கதிர், பழுத்துச் சிவந்த மேப்பிள் இலை, ஆப்பிள், கோதுமைக் கதிர்க்கட்டு ஆகியவை பல வீடுகளில் காணப்படும். இவற்றோடு ‘கார்னுகோப்பியா’ என்னும் வளக்கொம்பும் இடம்பெறும். குழந்தையாக இருந்த சியூஸ் தெய்வத்துக்குப் பாலூட்டிய அமல்தியா என்னும் ஆட்டின் கொம்பு, வேண்டியதை எல்லாம் அள்ளித் தரும் கொம்பாயிற்று என்னும் கிரேக்கப் புராணத்திலிருந்து வந்த உருவம் அது. கொம்பு வடிவில் முடைந்த கூடையின் வாயிலிருந்து பழங்களும் காய்களும் வழிந்து விழுமாறு அதை அமைப்பார்கள். வளத்தைக் காட்டும் உருவமாக இன்று அறியப்படும் அக்கொம்புங்கூடத் தொடக்கத்தில் பாலூட்டிய ஓர் உயிருக்குச் செய்த கைம்மாறாகவே அக்கதையின் ஒரு வடிவில் பிறந்தது.

மக்காச்சோளக் கதிரும் பரங்கிக்காயும் வெறும் இலையுதிர்கால வண்ணத்துக்காக வைக்கப்படுபவை என்று எண்ணுவது அவற்றின் வரலாற்றை மறந்த எண்ணமாகும். தெற்கு மெக்சிகோவின் பள்ளத்தாக்குகளில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், தியோசின்டே என்னும் காட்டுப்புல்லின் விரற்கடை நீளக் கதிரிலிருந்து, தலைமுறை தலைமுறையாக நல்ல விதையைத் தேர்ந்து தேர்ந்து அமெரிக்கத் தொல்குடி உழவர் உருவாக்கிய பயிர் மக்காச்சோளம். அதன் மணிகள் மடலுக்குள் இறுக மூடப்பட்டிருப்பதால், மனிதக் கை உரித்து விதைக்காவிட்டால் அது தானாகப் பரவித் தழைக்காது. மேசை மேல் கிடக்கும் ஒரு கதிரின் ஒவ்வொரு வரிசை மணியும், பெயர் தெரியாத அந்த உழவர்களின் கைவேலையே. மக்காச்சோளம், அவரையினப் பயறு, பரங்கி ஆகிய மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து விதைக்கும் முறையை வட அமெரிக்கத் தொல்குடிகள் சிலர் ‘மூன்று சகோதரிகள்’ என்று அழைத்தனர். சோளத்தின் தண்டில் கொடி படர்கிறது. பயற்றின் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. பரங்கியின் அகன்ற இலைகள் நிலத்தை மூடி ஈரத்தைக் காத்துக் களையை அடக்குகின்றன. இம்மூன்றையும் மேசையில் சேர்த்து வைப்பவர், ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்து வாழும் ஒரு வேளாண்மை அறிவையே அங்கே காட்சிக்கு வைக்கிறார்.

இவ்விடத்தில் தமிழ் வாசகருக்கு நேரான ஒரு தொடர்பு உண்டு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, மரவள்ளி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, சீத்தாப்பழம் என இன்றைய தமிழ்ச் சமையலறையை நிறைத்துள்ள இத்தனையும், 16ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பியரின் கப்பல் வழியே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. பொங்கல் குழம்பில் இடும் பரங்கிக்காயும், மார்கழிக் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் பரங்கிப்பூவும், நன்றியறிதல் நாள் மேசையில் உள்ள பரங்கிக்காயின் உடன்பிறந்த இனத்தைச் சேர்ந்தவையே. மிளகாய் இல்லாத குழம்பையும் தக்காளி இல்லாத ரசத்தையும் எண்ணிப் பார்க்கத் தயங்கும் ஒரு சமூகம், அவற்றை முதலில் வளர்த்துப் பண்படுத்திய மக்களின் பெயரை அறியாமலிருப்பது பெருங்குறை. அமெரிக்கத் தொல்குடிகளுக்குக் கடன்பட்டவர்கள் பிளிமத் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் மட்டும் அல்லர்.

அழைக்கப்படாத கொடையாளர்கள்

நன்றி கூறுவோர் கொடுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் கேட்டாக வேண்டும். மாசசோயிட் 1621இல் விருந்துக்கு வந்து, பின்னர் தம் வாழ்நாள் முழுதும் குடியேறிகளோடு சமாதானம் காத்தார். அவருடைய மகன் மெட்டாகொமின் காலத்தில், நிலப்பறிப்பு முற்றி 1675இல் போர் மூண்டது. 1676இல் மெட்டாகொம் கொல்லப்பட்டு, அவருடைய தலை பிளிமத்தில் கம்பத்தில் செருகிக் காட்சிக்கு வைக்கப்பட்டது. விருந்துக்கு ஐந்து மான்கள் கொடுத்த தந்தைக்கும் கம்பத்தில் ஏற்றப்பட்ட மகனின் தலைக்கும் இடைப்பட்ட காலம் 55 ஆண்டுகளே.

குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு நிறைவை 1970இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கொண்டாடியபோது, வம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்னும் வம்பனோவாக் தலைவர் உரையாற்ற அழைக்கப்பட்டார். தம் மக்கள் இழந்தவற்றை அவர் எழுதியிருந்ததை முன்கூட்டியே பார்த்த ஏற்பாட்டாளர்கள், அவர் அவ்வுரையை நிகழ்த்த இசைவளிக்கவில்லை. அவ்வாண்டு நன்றியறிதல் நாளில் பிளிமத்தின் கோல்ஸ் குன்றில், மாசசோயிட்டின் சிலை அருகே தொல்குடி மக்கள் கூடி அந்நாளைத் தேசியத் துக்க நாளாகக் கடைப்பிடித்தனர். அன்றுமுதல் ஆண்டுதோறும் அக்கூட்டம் நடைபெற்றுவருகிறது. கொண்டாட்டமும் துக்கமும் ஒரே நாளில், ஒரே ஊரில் நிகழும் இந்நிலை விருந்தைக் கைவிட வேண்டும் என்று சொல்லவில்லை. விருந்தில் சொல்லப்படும் நன்றி உண்மையைத் தவிர்க்கக் கூடாது என்றே சொல்கிறது.

அழைக்கப்படாத கொடையாளர்களில் இன்னொரு கூட்டத்தினர் கூலித் தொழிலாளர்கள். 1960ஆம் ஆண்டு நன்றியறிதல் நாளுக்கு மறுநாளான நவம்பர் 25ஆம் நாள், எட்வர்ட் மரோ என்னும் செய்தியாளர் வழங்கிய ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’ என்னும் ஆவணப்படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பயிர் முற்றும் இடங்களைத் தொடர்ந்து மாநிலம் மாநிலமாக இடம்பெயர்ந்து, காயும் கனியும் பறித்துத் தந்து, தம் குழந்தைகளுக்குப் பாலும் பள்ளியும் கிடைக்காமல் வாழ்ந்த உழைப்பாளர் குடும்பங்களை அப்படம் காட்டியது. முந்தைய நாள் வயிறார உண்டவர்கள், அந்த உணவைப் பறித்த கைகளை மறுநாள் காணுமாறு அதன் ஒளிபரப்பு நாள் அமைந்தது. கிரான்பெர்ரி என்னும் சிறு சிவப்புப் பழத்தின் புளிப்புக் கூட்டும், வான்கோழியும், சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இன்றும் உழைப்பவர் கைகளைக் கடந்தே மேசைக்கு வருகின்றன. கிரான்பெர்ரித் தோட்டங்களில் அறுவடையின்போது நீரைத் தேக்குவார்கள். உள்ளே காற்றறை உள்ள பழம் மேலே மிதக்க, தொழிலாளர்கள் இலையுதிர்காலக் குளிரில் இடுப்பளவு நீரில் நின்று அவற்றை ஒதுக்கிச் சேர்ப்பார்கள். கிண்ணத்தில் உள்ள ஒரு கரண்டிக் கூட்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

நன்றி சொல்லாக வேண்டும்

கூடியிருந்து நன்றியைச் சொல்லும் முறைக்கு ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட ஒரு மரபே அமெரிக்க மண்ணில் உண்டு. இன்றைய நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் வாழும் ஹோடெனோஷோனி என்னும் ஆறு இனங்களின் கூட்டமைப்பினர், எந்தக் கூட்டத்தைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நன்றியுரை ஒன்றைக் கூறுவர். அவ்வுரை முதலில் கூடியிருக்கும் மக்களுக்கும், பின்னர் நிலம், நீர், மீன், செடிகொடி, உணவுப்பயிர், மூலிகை, விலங்கு, மரம், பறவை, காற்று, இடி, ஞாயிறு, திங்கள், விண்மீன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நன்றி கூறிச் செல்லும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கேட்போர் தம் இசைவைத் தெரிவிப்பர். எல்லாவற்றுக்கும் மொத்தமாக ஒரே வணக்கம் சொல்லி முடிக்காமல், ஒவ்வொன்றின் பெயரையும் எடுத்துச் சொல்வதே அம்மரபின் சிறப்பு.

உளவியல் ஆய்வும் இதற்கு அணுக்கமாக நிற்கிறது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, பத்து வாரம் வாரந்தோறும் ஒரு குழுவினர் நன்றிக்குரியவற்றையும், மற்றொரு குழுவினர் தொல்லைகளையும், மூன்றாம் குழுவினர் பொதுவான நிகழ்வுகளையும் எழுதச் செய்தனர். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தம் வாழ்க்கையை மேலானதாக மதிப்பிட்டனர். வரும் வாரத்தையும் நம்பிக்கையோடு நோக்கினர். பெற்றவற்றை எண்ணிப் பெயரிட்டு எழுதும் செயலே மனத்தைத் திருத்துகிறது என்பது இதனால் பெறப்படும்.

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நன்றி கூறும் வழக்கம் பல அமெரிக்கக் குடும்பங்களில் உண்டு. அது பல வீடுகளில் சடங்காகத் தேய்ந்துபோவதற்குக் காரணம், குடும்பத்துக்கு நன்றி, உடல்நலத்துக்கு நன்றி என்னும் பொதுச்சொற்களோடு ஒவ்வொருவரும் நின்றுவிடுவதே. ஒருவரின் பெயர், அவர் செய்த ஒரு செயல், அதனால் நேர்ந்த ஒரு பயன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சொல் உயிர்பெறும். ‘அன்புக்கு நன்றி’ என்பதைவிட, ‘அம்மா மருத்துவமனையில் இருந்தபோது பிள்ளைகளை நாள் தவறாமல் பள்ளிக்கு அழைத்துச் சென்ற சித்தப்பாவுக்கு நன்றி’ என்பது சித்தப்பாவையும் நிமிரச் செய்யும், பிள்ளைகளுக்கும் தாம் பெற்றதை உணர்த்தும். பேசக் கூச்சப்படும் சிறுவரையும் முதியவரையும் கட்டாயப்படுத்தாமல், எழுதித் தந்தால் பிறர் படிக்கலாம் என்று விடுவது நன்று. உணவு ஆறும்வரை நீளாமல், முதல் வட்டம் பரிமாறுவதற்கு முன் சிலரும் பணியாரம் வரும்போது சிலருமாகப் பகிர்ந்து சொல்வதும் பொருத்தமாகும். சமைத்தவரும் பாத்திரம் துலக்கப்போகிறவரும் அந்த வட்டத்தில் பெயர் பெறாமல் விடுபடக் கூடாது. 1621இன் மடலில் நேர்ந்த விடுபாடு இன்னொரு முறை நேராதிருக்க அதுவே வழி.

மேசையை அமைக்கும் முறை

அலங்காரத்தின் முதற்கடமை அமர்ந்திருப்போர் ஒருவரையொருவர் காணத் தடையாக நிற்காமை. ஆகவே நடுவில் வைக்கும் பொருள் எதுவும் ஓரடிக்கு மேல் உயராதிருத்தல் நலம்; ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ இரண்டடி அகலம் கிடைக்குமாறு இருக்கைகளை இட்டால் கை இடிபடாமல் உண்ணலாம்; நறுமண மெழுகுவர்த்தியும் மணம் மிகுந்த மலரும் உணவின் மணத்தோடு மோதுமாதலால் அவற்றைத் தவிர்க்கலாம். இவை எல்லா விருந்துக்கும் பொதுவான விதிகள். நன்றியறிதல் நாளுக்குரிய சிறப்பு விதி, மேசையில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் யாரையேனும் சுட்ட வேண்டும் என்பது.

இதற்கு நார்மன் ராக்வெல் 1942இல் வரைந்து, 1943 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் வெளிவந்த ‘வறுமையிலிருந்து விடுதலை’ என்னும் ஓவியம் நல்ல பாடம். ரூஸ்வெல்ட் 1941இல் அறிவித்த நான்கு விடுதலைகளில் ஒன்றைச் சித்திரிக்கும் அப்படத்தில், பாட்டி வான்கோழித் தட்டை ஏந்தி மேசையில் வைக்க, பின்னால் தாத்தா நிற்கிறார். வெள்ளை விரிப்பு, வெள்ளைத் தட்டுகள், தண்ணீர்க் குவளைகள், ஒரு தட்டில் செலரித் தண்டு, முன்பக்கம் சில பழங்கள் ஆகியவற்றைத் தவிர அந்த மேசையில் ஆடம்பரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அமர்ந்திருப்போரின் கண்கள் வான்கோழியைவிட ஒருவர்மேல் ஒருவராகவே பதிந்துள்ளன. முகங்களே அந்த மேசைக்கு அலங்காரம்.

இந்நெறியில் நின்று வீடுகளில் செய்துவரும் சில முறைகள் எடுத்துக்காட்டத் தக்கவை. இருக்கையைக் காட்டும் பெயர் அட்டையின் உட்பக்கத்தில், அதில் அமரப்போகிறவர் அவ்வாண்டு செய்த ஒரு நற்செயலை வீட்டார் ஒரு வரியில் எழுதிவைக்கலாம். இலையற்ற கிளை ஒன்றைச் சாடியில் நிறுத்தி, வருவோர் ஒவ்வொருவரும் தாம் நன்றி கூற விரும்புபவரின் பெயரைக் காகித இலையில் எழுதிக் கட்டினால், விருந்து முடிவதற்குள் கிளை தழைத்துவிடும். வெள்ளைத் துணி விரிப்பு ஒன்றில் ஆண்டுதோறும் அனைவரும் கையெழுத்திட்டு, அதன்மேல் நூலால் பூத்தையல் இட்டுவந்தால், காலம் சென்றவர்களின் கையெழுத்தும் பின்வரும் விருந்துகளில் கூடவே இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் ஐந்து மக்காச்சோள மணிகளை வைக்கும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டில் பிளிமத்தில் நடந்த நினைவு விருந்துகளின் வழியே பரவியது. குடியேறிகள் பஞ்சத்தில் நாளுக்கு ஐந்து மணி உண்டனர் என்னும் கதைக்கு அக்காலச் சான்று இல்லை என்றாலும், ஒவ்வொரு மணியை எடுக்கும்போதும் ஒருவர் பெயரைச் சொல்லும் முறைக்கு அது உதவுகிறது. அவ்வாண்டில் மறைந்தவருக்காகவோ வர இயலாதவருக்காகவோ ஓர் இருக்கையை வெறுமையாக விடுவதும் உண்டு. லிங்கனின் அறிவிப்பு கேட்டுக்கொண்ட நினைவு அதனால் நிறைவேறுகிறது.

அலங்காரப் பொருள்கள் குப்பைக்குப் போகாதிருப்பதும் நன்றியின் பகுதியே. உணவுக்குரிய பரங்கிக்காயையும் ஆப்பிளையும் கொண்டு மேசையை அழகுசெய்தால் மறுவாரம் அவற்றைச் சமைக்கலாம். அழகுக்காக மட்டும் விற்கப்படும் சிறு சுரைவகைகள் கசப்பானவை, உண்ணத் தகாதவை என்பதால் அவற்றைக் குறைவாக வாங்குவது நன்று. உண்ணும் பொருளே அலங்காரமாக நிற்கும் இம்முறை தமிழருக்குப் புதிதன்று. பொங்கல் பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும், இருபுறமும் சார்த்தும் கரும்பும் வயலிலிருந்து வந்து பின் உணவுக்கே செல்பவை. மறுநாள் மாட்டுப் பொங்கல், ஏர் இழுத்த உயிருக்கே நேராக நன்றி செலுத்துகிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு

நன்றியறிதல் நாள் விடுமுறையில் உறவினரும் நண்பரும் கூடி உண்ணும் வழக்கம் அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் உள்ளது. வான்கோழிக்கு மாற்றாகப் பிரியாணியோ சைவ விருந்தோ இடம்பெறுவதால் அந்நாளின் பொருள் சிறிதும் குறைவதில்லை. மிளகாயும் தக்காளியும் சேர்ந்த எந்தத் தமிழ் உணவும் அம்மண்ணின் தொல்குடிகளுக்கு நன்றி கூறத் தகுதியுடையதே. புதிய நாட்டில் முதலாண்டில் தங்க இடம் தந்தவர், வண்டி ஓட்டக் கற்றுத்தந்தவர், பேறுகாலத்தில் வந்து சமைத்துப் போட்டவர் எனப் புலம்பெயர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிஸ்குவான்டம் இருப்பார். அவருடைய பெயரைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே வரும் நன்றியறிதல் நாளில் மேசை அமைக்கும் ஒவ்வொரு குடும்பமும் மூன்று செயல்களை மேற்கொள்வது தகும். முதலாவது, தாம் வாழும் ஊர் எந்தத் தொல்குடியின் நிலம் என்பதை விருந்துக்கு முன்பே அறிந்து, அக்குடியின் பெயரை மேசையில் சொல்வது. இரண்டாவது, உணவு வகைகளுள் ஒன்றையேனும் தேர்ந்து, அதை விளைவித்தவர் முதல் சமைத்தவர் வரை உழைத்தவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது. மூன்றாவது, மேசைக்கு வந்தவர்களுள் ஒருவருக்கேனும் இதுவரை சொல்லாமல் விட்ட நன்றியைப் பெயரும் செயலும் குறித்து நேரில் சொல்வது. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. முன்கூட்டிய சிறிது சிந்தனையே வேண்டும். பெற்றவர் வாய் திறந்து சொல்லும்வரை எந்த விருந்திலும் நன்றி பிறப்பதில்லை. ஆதலால் இவ்வாண்டு மேசையை அழகுசெய்யத் தொடங்கும் முன், நன்றிக்குரியவர்களின் பெயர்ப்பட்டியலை எழுதத் தொடங்குக.